பின்வேலியில் கயோட்டி, செந்நரியைக் காணோம். பிடித்துக் கொடுத்தால் நரி திரும்பி வருமா?

ரூஜ்கரை (ஸ்கார்பரோ)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பின்வேலிக்கு அப்பால் ஒரு பள்ளம், அதில் ஓடும் சின்ன ஓடை கடைசியில் ரூஜ் ஆற்றில் போய்ச் சேரும். மூன்று வருடமாக ஒரு செந்நரிச் சோடி அந்தச் சரிவில் வளை தோண்டிக் குட்டி போட்டு வந்தது. ஏப்ரல் கடைசியில் குட்டிகள் வெளியே வந்து ஒன்றன் மேல் ஒன்று விழுந்து புரளும், நாங்கள் சமையலறை யன்னலில் நின்று பார்த்துக்கொண்டே தேத்தண்ணியை ஆற விட்டுவிடுவோம். இந்த வருடம் ஐந்து குட்டி.

மே நடுவில் ஒருநாள் விடிய ஆறு மணிக்கு வேலியோரம் ஒரு கயோட்டி (ஓநாயை விடச் சிறிய, நாய்க்குடும்பத்துக் காட்டு விலங்கு). நல்ல வளர்ந்தது, ஆளைக் கண்டும் அவசரப்படாமல் நடந்து போனது. ஜூன் கடைசியிலிருந்து ஒரு நரியையும் காணவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் "அதுதான் எல்லாத்தையும் தின்றிருக்கும், ஆளைக் கூப்பிட்டுப் பிடித்துக் கொடு, நரி தானாக வரும்" என்கிறார்.

என் கேள்வி இரண்டு. கயோட்டிதான் தின்றதா? அதை அகற்றினால் நரி உண்மையில் திரும்புமா?

பூனைக்காரி

நரி கிடக்கட்டும், வீட்டில் பூனை இருந்தால் முதலில் அதை உள்ளே வையுங்கள்.

மரநாய் (பீட்டர்பரோ)

ரூஜ்கரை அண்ணா, முதலில் ஒரு சின்ன விஷயம். ஜூன் கடைசியில் நரி வளையை விட்டுப் போவது வழக்கம்தான். வளை என்பது அவற்றுக்குப் பிரசவ அறை மாதிரி, குட்டி ஓடியாடத் தொடங்கியதும் அதன் வேலை முடிந்தது. கோடை முழுக்கப் புல்லிலும் புதரிலும் படுக்கும், இலையுதிர் காலத்தில் குட்டிகள் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்துவிடும். ஆகவே உங்கள் நரி செத்ததற்கு இதுவரை எந்தச் சாட்சியும் இல்லை. கயோட்டியைக் கண்டதும் நரியைக் காணாததும் அடுத்தடுத்து நடந்ததால் மனம் இரண்டையும் முடிச்சுப் போடுகிறது.

அதற்காகப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது முழுப் பொய் என்றும் இல்லை. கயோட்டி நரியைக் கொல்லும். கொன்றுவிட்டுப் பெரும்பாலும் தின்னாமலே போட்டுவிட்டுப் போகும், ஏனென்றால் அது பசியில் செய்யும் வேலை இல்லை. எலி, முயல், செத்த மான், காட்டுப்பழம் என்று இரண்டும் ஒரே தட்டில் கை வைக்கின்றன, பங்காளிச் சண்டைதான். செந்நரி நாலைந்து கிலோ தேறும், இங்கே கிழக்குப் பக்கத்துக் கயோட்டி 15 கிலோவுக்கு மேலும் போகும். மேற்கிலிருந்து பரவி வந்தபோது ஓநாயோடும் கொஞ்சம் நாயோடும் கலந்து வந்த இனம் அது, அதனால்தான் சமவெளிக் கயோட்டியை விடப் பருமன். நேருக்கு நேர் நின்றால் நரிக்கு வழியே இல்லை.

ஆனால் கொல்வதை விடப் பெரிய விஷயம் பயம். நம்ம ஒன்டாரியோவிலேயே நரிக்கும் கயோட்டிக்கும் ரேடியோ பட்டை மாட்டிப் பின்தொடர்ந்து செய்த ஆய்வு ஒன்று 1983-ல் வந்தது. நரிக் குடும்பங்கள் கயோட்டிக் கூட்டங்களின் எல்லைக்குள் குடியிருப்பதே அபூர்வம், இரண்டு கூட்டத்துக்கு நடுவில் இருக்கும் இடுக்குகளிலும் விளிம்புகளிலும்தான் பிழைப்பு. அமெரிக்காவின் மெயின், வடக்கு டகோட்டா மாநிலங்களில் 1987-ல் வந்த ஆய்வுகளும் இதையேதான் சொல்லின. வரப்பில் குடிசை போட்டவன் கதை. கயோட்டி நரியை எண்ணிக்கையில் குறைப்பதை விட இடத்தை விட்டு நகர்த்துவதுதான் அதிகம்.

எங்கே நகர்த்தும்? கயோட்டி வரத் தயங்கும் இடத்துக்கு. அதாவது உங்கள் வாசலுக்கு. நீங்கள் மூன்று வருடம் யன்னலில் நின்று ரசித்தீர்களே, அந்த நரிச்சோடி அவ்வளவு பக்கத்தில் வளை போட்டதற்கே பள்ளத்தில் திரியும் கயோட்டி ஒரு காரணமாக இருந்திருக்கலாம். 2020 வசந்தத்தில் டொராண்டோ ஏரிக்கரைப் பகுதியில் மரப்பலகை நடைபாதைக்கு அடியில் ஒரு நரி குட்டி போட்டதே, சனம் கூடிக்கூடி நகரசபை வேலி கட்டி, தன்னார்வலர்கள் முறை வைத்துக் காவல் நின்றார்களே, ஞாபகம் இருக்கிறதா? அத்தனை ஆள் நடமாட்டத்திலும் அது இடத்தை மாற்றவில்லை.

கேள்விக்குறி (ஹாரோ, லண்டன்)

> எங்கே நகர்த்தும்? கயோட்டி வரத் தயங்கும் இடத்துக்கு.

இது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எனக்கு ஒப்பவில்லை. எங்கள் லண்டனில் கயோட்டியும் இல்லை ஓநாயும் இல்லை, இருந்தும் என் வீட்டுக் குப்பைத்தொட்டியைக் கவிழ்ப்பது வாரத்துக்கு மூன்று நாள் நரிதான். 1930-களில் தோட்டம் வைத்த புறநகர் வீடுகள் பெருகியபோதே நரி உள்ளே வந்துவிட்டது. யார் துரத்தி வந்தது? சாப்பாடு இருந்தது, ஒளிய இடம் இருந்தது, அவ்வளவுதான். கயோட்டியைப் பார்த்து ஓடிவந்து மனிதனிடம் அடைக்கலம் புகுந்தது என்பது கொஞ்சம் புராணக்கதை வாசனை அடிக்கிறது.

இன்னொன்று, நரி காணாமல் போனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சொறி. பிரிஸ்டல் நகரத்தில் 1994-ல் சொறி நோய் புகுந்து சில வருடங்களில் நகர நரிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் போய்விட்டது. ஒரு கயோட்டி கூட இல்லாமல்.

மரநாய்

நியாயமான அடி, வாங்கிக்கொள்கிறேன். லண்டனில் நரியை இழுப்பது நகரம் மட்டும். இங்கே நகரம் முன்னால் இழுக்கிறது, கயோட்டி பின்னால் தள்ளுகிறது, இரண்டையும் பிரித்து எது எவ்வளவு என்று சொல்வது கஷ்டம். ஆனால் தள்ளல் இருக்கிறது என்பதற்கு நல்ல இடம் கனடாவின் கிழக்குக் கரையில் இருக்கும் பிரின்ஸ் எட்வர்ட் தீவு. முன்பு அங்கே கயோட்டியே கிடையாது, 1983-ல்தான் முதலில் பதிவானது, உறைந்த கடல்மேல் நடந்து வந்ததாகத்தான் கருதுகிறார்கள். அதற்குப் பிறகு வயல்வெளியில் இருந்த நரிகள் வீடுகளையும் ரோட்டோரத்தையும் நெருங்கின. இன்று சார்லட்டவுன் தெருக்களில் நரி சர்வ சாதாரணம். காட்டை விட்டுவிட்டு ஊர் விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

சொறி விஷயத்திலும் நீங்கள் சொல்வது சரி. மெலிந்து, வால் மயிர் உதிர்ந்து, பகலில் தள்ளாடி நடக்கும் நரியை யாராவது பார்த்தீர்களா ரூஜ்கரை அண்ணா?

ரூஜ்கரை

இல்லை தம்பி, எல்லாம் நல்ல புசுபுசு வால்.

பேக்கர்ஸ்ஃபீல்டு முருகேசு

கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு சாட்சி. எங்கள் ஊரில் இருப்பது செந்நரி இல்லை, சான் வாக்கீன் கிட் நரி. வீட்டுப் பூனையை விடச் சிறியது என்றே சொல்லலாம், இரண்டு இரண்டரை கிலோ, காது மட்டும் முயலுக்குப் போட்டி. 1967-லேயே அழியும் நிலை இனம் என்று பட்டியலில் ஏற்றிவிட்டார்கள். பள்ளத்தாக்கு முழுக்கப் பருத்தியும் பாதாமும் எண்ணெய்க் கிணறும் ஆன பிறகு மிஞ்சிய புல்வெளித் துண்டுகளில் இது வாழ்கிறது, அங்கே பட்டை மாட்டிப் பார்த்த நரிகளின் சாவுக்கு முதல் காரணம் பெரும்பாலும் கயோட்டிதான்.

இப்போது வேடிக்கையைக் கேளுங்கள். அதே நரி பேக்கர்ஸ்ஃபீல்டு ஊருக்குள்ளே நன்றாக இருக்கிறது! பள்ளிக்கூட மைதானம், கோல்ஃப் திடல், வாய்க்கால் கரை, பல்கலைக்கழக வளாகம். என் மகள் படிக்கும் பள்ளியில் ஓட்டப் பாதைக்குப் பக்கத்தில் வளை, பிள்ளைகள் ஓடுகிறார்கள், அது காதை மட்டும் திருப்புகிறது. ஊருக்குள் கயோட்டி மிகக் குறைவு என்பதுதான் காரணம் என்று இங்கே வேலை செய்கிற ஆட்கள் சொல்வார்கள். சரி, இது மரநாய்க்குச் சாதகமான சாட்சி. அடுத்தது கேள்விக்குறிக்கு: 2013-ல் இதே ஊருக்குள் சொறி புகுந்தது, நெருக்கமாக வாழ்ந்த நரிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. கயோட்டியிடமிருந்து தப்பி ஊருக்குள் கூடி வாழ்ந்ததே நோய் பரவ வசதியாகிவிட்டது.

கிட் நரி ஒரே வளையை நம்பி இருக்காது, தன் எல்லைக்குள் பல வளை வைத்திருக்கும், எந்த இடத்தில் துரத்தினாலும் பக்கத்தில் ஒரு ஓட்டைக்குள் பாய்ந்துவிட வேண்டும். இதைப் பார்த்துத்தான் ஆய்வாளர்கள் குழாயைப் புதைத்துச் செயற்கை வளை செய்து கொடுத்தார்கள், நரி நுழையும், கயோட்டி நுழையாது, அந்த அளவு வாய். கயோட்டியைச் சுட்டுத் தள்ளுவதை விட இது எனக்கு எவ்வளவோ புத்திசாலித்தனமாகப் படுகிறது.

பனிவயல் (சஸ்காச்சுவான்)

கயோட்டியைச் சுடுவது என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் மாகாணத்தில் 2009-10 குளிர்காலத்தில் ஒரு கயோட்டிக்கு 20 டாலர் என்று அறிவித்தார்கள், பாதங்களை வெட்டிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். 70,000-க்கு மேல் வந்து சேர்ந்தது. நான் வேலை பார்த்த பண்ணையில் பிக்கப் பின்னால் குவித்து வைத்திருந்ததைப் பார்த்து அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் கன்றை இழந்த பண்ணைக்காரன் கோபமும் எனக்குப் புரியும், ஊரில் ஆட்டுக்குட்டியை நரி தூக்கினால் நம்ம ஆட்கள் சும்மாவா இருப்பார்கள்.

நான் சொல்ல வந்தது வாத்து. எல்லைக்குத் தெற்கே டகோட்டாக்களில் குட்டையும் புல்லும் நிறைந்த பூமி, வட அமெரிக்க வாத்துகளின் பெரிய நாற்றங்கால் அது. அங்கே 1990-களில் ஒரு ஒப்பீடு செய்தார்கள். கயோட்டி ஆதிக்கம் உள்ள இடத்தில் வாத்துக் கூடுகளில் 32 சதவீதம் பொரித்துத் தேறின, செந்நரி ஆதிக்கம் உள்ள இடத்தில் 17 சதவீதம்தான். ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஏன் என்றால் கயோட்டிக் கூட்டம் ஒன்றுக்குப் பெரிய பரப்பு வேண்டும், ஆகவே ஆள் குறைவு, வாத்து முட்டையை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டும் திரியாது. நரியோ சின்ன எல்லைக்குள் நெருக்கமாக இருக்கும், மூக்கை வைத்துப் புல்லைப் பட்டை பட்டையாகச் சலித்துவிடும், தின்றது போக மீதியைப் புதைத்து வைக்கும். இதைத் தெரியாமல் எங்கள் ஊரில் வாத்து வேட்டைக்காரர்களே கயோட்டியைச் சுட்டுவிட்டு வாத்துக்கு நல்லது செய்ததாக நினைக்கிறார்கள். சொன்னால் என்னை மேலும் கீழும் பார்க்கிறார்கள்.

ஆகவே "நரி திரும்பி வருமா" என்று கேட்கும்போது, வந்தால் யாருக்குக் கொண்டாட்டம், யாருக்குத் திண்டாட்டம் என்றும் கேட்கலாம் அண்ணா.

பூனைக்காரி

அதே கதை பூனையிலும் உண்டு. சான் டியேகோவில் வீடுகளுக்கு நடுவே துண்டு துண்டாக மிஞ்சிய புதர்க்காட்டுப் பள்ளங்களில் செய்த ஆய்வு, 1999-ல் வந்தது. கயோட்டி இல்லாத பள்ளத்தில் பூனை, சாம்பல் நரி, ரக்கூன் எல்லாம் கூடுதல், புதர்ப் பறவை இனங்கள் குறைவு. கயோட்டி வந்து போகும் பள்ளத்தில் பறவை பிழைத்தது. கயோட்டி எச்சத்தைக் கிளறியதில் ஐந்தில் ஒன்றில் பூனை மிச்சம் இருந்தது. அதை விட முக்கியம், கயோட்டி திரிகிறது என்று தெரிந்தால் பூனை வளர்ப்பவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் பூனையை வெளியே விடுவதைக் குறைத்துக்கொண்டார்கள். அந்தப் பாதியில் நானும் ஒருத்தி. முதல் பதிவில் சும்மா சொல்லவில்லை.

சும்மா வாசிக்கிறவன்

இழைக்குச் சம்பந்தம் இல்லாமல் ஒன்று. நீங்கள் எல்லோரும் "நரி நரி" என்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் நாம் நரி என்று சொன்னது இந்தச் செந்நரியின் இனமே இல்லை, இலங்கையில் அந்த இனமே கிடையாது, இருப்பது ஜாக்கால் மட்டும். தமிழ்நாட்டில் ஜாக்காலும் உண்டு, செந்நரிக்குச் சொந்தமான வேறொரு நரியும் உண்டு, அங்கேயும் குள்ளநரி என்ற பெயரை ஆளுக்கு ஆள் வேறு மிருகத்துக்கு வைக்கிறார்கள். ஜாக்கால், கயோட்டி, ஓநாய், நாய் எல்லாம் ஒரு வம்சம். செந்நரி ஒன்றுவிட்ட உறவு.

ரூஜ்கரை

அட! என் அம்மா வந்து நின்றபோது இரவில் பள்ளத்துக்குள் கயோட்டி கூட்டமாகக் கத்துவதைக் கேட்டுவிட்டு "இங்கேயும் நரி ஊளையிடுதே" என்றா. நான் "அம்மா அது நரி இல்லை" என்று திருத்தினேன். இப்போது பார்த்தால் அவ சொன்னதுதான் சரி.

மரநாய்

அம்மாவின் காது தப்பாது!

ஓநாய் பற்றி யாரும் பேசவில்லையே, அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முழுக்கதை அங்கேதான் தொடங்குகிறது. கயோட்டி ஆதியில் மேற்குச் சமவெளிக்கும் பாலைக்கும் உரியது. மனிதன் ஓநாயை விஷம் வைத்தும் பொறி வைத்தும் தீர்த்தான், காட்டை வெட்டி வயலாக்கினான், கயோட்டிக்குக் கதவு திறந்தது. இன்று ஹவாய் தவிர அமெரிக்காவின் எல்லா மாநிலத்திலும் இருக்கிறது, தெற்கே பனாமா கால்வாயையும் தாண்டிவிட்டது. இவ்வளவுக்கும் அமெரிக்க மத்திய அரசின் ஆட்கள் மட்டுமே பல ஆண்டுகளில் ஆண்டுக்கு 60,000-க்கு மேல் கொன்றிருக்கிறார்கள்.

ஓநாய் திரும்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா. 1995-லும் 96-லும் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுபோய் விட்டார்கள். பூங்காவின் வடபகுதியில் கயோட்டி ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது, பிறகு ஓரளவு தேறியது. செத்த எல்க் மானைத் தின்ன வந்த இடத்தில்தான் நிறையக் கயோட்டிகள் ஓநாயிடம் மாட்டின. மினசோட்டாவில் முப்பது வருடக் கணக்கெடுப்பை வைத்து 2012-ல் வந்த ஆய்வு இன்னும் தெளிவு: ஓநாய் கூடிய இடத்தில் கயோட்டி குறைகிறது, செந்நரி கூடுகிறது. ஓநாய்க்கு நரி ஒரு பொருட்டே இல்லை, மான் தின்கிறவனுக்கும் எலி தின்கிறவனுக்கும் என்ன பகை. கயோட்டிதான் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து மேலே அடி வாங்கிக் கீழே அடி கொடுக்கிறது.

ஸ்கார்பரோவில் ஓநாய் இல்லை. ஆகவே கயோட்டிதான் அங்கே பெரியவர்.

கேள்விக்குறி

யெல்லோஸ்டோன் என்றாலே எனக்குக் கை நடுங்கும், ஒரு ஓநாய் வந்து ஆற்றின் போக்கையே மாற்றியது என்கிற அளவுக்கு அதை ஊதிவிட்டார்கள், அந்தக் கதைச் சங்கிலியின் பல கண்ணிகளை ஆய்வாளர்களே இன்று வரை மறுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஓநாய், கயோட்டி, நரி என்ற மூன்று படி மட்டும் ஓரளவு கெட்டியாக நிற்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். அதே 2012-ல் அடுத்த படிக்கும் தாவினார்கள்: கயோட்டி கூடி நரி குறைந்த இடங்களில் எலி பெருகி, எலியிலிருந்து உண்ணி, உண்ணியிலிருந்து லைம் நோய் கூடுகிறது என்று. வரைபடத்தில் பொருந்துகிறது, கேட்கவும் ருசியாக இருக்கிறது, ஆனால் ஒன்றோடொன்று சேர்ந்து கூடுவதும் ஒன்றினால் மற்றது கூடுவதும் வேறு வேறு. ரூஜ் காட்டில் உண்ணி இருக்கிறது என்பது உண்மை, நடந்துவிட்டு வந்தால் கால் முழுக்கப் பாருங்கள், அதற்காகக் கயோட்டி மேல் வழக்குப் போடாதீர்கள்.

அப்புறம் கயோட்டியும் நரியும் எப்போதும் பகை என்றும் எழுதிவிடாதீர்கள். விஸ்கான்சினில் மேடிசன் நகரத்தில் 2015-லும் 2016-லும் இரண்டுக்கும் பட்டை மாட்டிப் பார்த்தார்கள். நரி வீடுகள் பக்கம், கயோட்டி காட்டுத் துண்டுகள் பக்கம் என்று பொதுவாகப் பிரிந்திருந்தாலும், ஒரே இடத்தில் இரண்டும் இரை தேடியதையும் கண்டார்கள், நரி வளை ஒன்றுக்குக் கயோட்டி பலமுறை வந்து போயும் நரி இடத்தைக் காலி செய்யவில்லை. சாப்பாடு தாராளமாக இருக்கிற ஊரில் பங்காளிகளும் முகம் கொடுத்துப் பேசுவார்கள் போல.

ரூஜ்கரை

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. பக்கத்து வீட்டுக்காரரிடம் பாதியைச் சொன்னேன், அவர் "அப்ப பிடித்துக் கொண்டுபோய் அல்கோன்குவின் காட்டில் விடட்டுமே" என்கிறார்.

மரநாய்

விட முடியாது. ஒன்டாரியோவில் பிடித்த காட்டு விலங்கைப் பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்தான் விட வேண்டும் என்று சட்டம். ஒரு கிலோமீட்டர் கயோட்டிக்கு நம்ம முற்றம் மாதிரி, பொழுது சாயும் முன் திரும்பிவிடும். கொன்றாலும் பலன் குறைவு: எல்லை வைத்திருக்கும் சோடி போனால், எல்லை இல்லாமல் நாடோடியாய்த் திரியும் இளசுகள் அந்த இடத்தைப் பிடிக்கும், பழகாத புதுசு பழசை விடத் தொல்லையாகவும் இருக்கலாம். சுத்தமாக ஒழிக்க வேண்டுமானால் ஆண்டுக்கு முக்கால்வாசியை, அதுவும் ஐம்பது வருடம் விடாமல் கொல்ல வேண்டும் என்று 1970-களில் ஒரு கணினிக் கணக்குப் போட்டார்கள்.

யாராவது அங்கே சாப்பாடு வைக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். டொராண்டோவில் 2023 ஏப்ரலிலிருந்து சொந்த வளவுக்குள் கூடக் காட்டு விலங்குக்குச் சாப்பாடு வைக்கக் கூடாது.

ரூஜ்கரை

வைக்கிறவர் அதே பக்கத்து வீட்டுக்காரர்தான். கோழி எலும்பு, வேலிக்கு அப்பால், "நரிக்கு" என்று.

பனிவயல்

😂😂 வழக்கு முடிந்தது.

ரூஜ்கரை

ஆறு மாதம் கழித்துப் புதுத் தகவல், இழையை மறுபடி மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். எலும்பு வைப்பது நின்றுவிட்டது, அவர் மனுசிதான் நிறுத்த வைத்தாவாம். கயோட்டி இருக்கிறது, ஆனால் வேலியோரம் வருவதில்லை, பள்ளத்தின் அடியில் ஓடைக்கரையோடு போகிறது, பனியில் தடம் நேர்கோடாகத் தெரியும்.

போன கிழமை, சனவரிக் குளிர், இரவு பதினொரு மணி, தமிழ்க் கடைகள் இருக்கும் பிளாசாவில் காரை எடுக்கப் போனேன். பேக்கரிக்குப் பின்பக்கம் யாரோ பெண்பிள்ளை வீரிட்டுக் கத்துவது மாதிரி ஒரு சத்தம், நெஞ்சு பதறி ஓடிப் போய்ப் பார்த்தால் குப்பைப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு செந்நரி. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. எங்கள் பழைய சோடியா என்று தெரியவில்லை, வால் மட்டும் நல்ல புசுபுசு.

மரநாய்

சனவரியில் அந்தக் கத்தல் என்றால் சோடி சேரும் காலம். ஏப்ரலில் எங்கே குட்டி போடுகிறது என்று கண் வையுங்கள், கடைக்காரர்கள் ஓட்டையை அடைப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். படம் எடுத்தீர்களா?

ரூஜ்கரை

எடுத்தேன். இரண்டு பச்சைப் புள்ளியும் ஒரு ரோல்ஸ் பெட்டியும்தான் விழுந்திருக்கிறது.